பேஸ்மேக்கர் வைத்த அப்பத்தாவும் கோடு கோடாய் வந்த ஈசிஜியும்

கொஞ்சம் நீளமான பதிவு நண்பர்களே. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பேஸ்மேக்கர் வைத்த பெரியவர் யாராவது இருந்தால் பொறுமையாகக் கடைசி வரை படித்துவிடுங்கள். சம்பந்தப்பட்டவர்களின் அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

புரட்டாசி மாதம். சனிக்கிழமை. எனக்கு இரவுப் பணி.

மணி ஒன்பதரை இருக்கும். ஒரு ஆம்னி வேன் வந்து நின்றது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு அப்பத்தாவைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். கூட மகன், மருமகள், காலேஜ் படிக்கிற பேரன்.

மகன் கையில் ஒரு ஈசிஜி தாள். அதை என்னிடம் நீட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"சார், அம்மாவுக்கு மூணு வருஷத்துக்கு முன்னாடி பேஸ்மேக்கர் வச்சோம். காப்பீட்டுத் திட்டத்துலதான் வச்சாங்க. நல்லாத்தான் இருந்தாங்க. இன்னைக்கு சாயங்காலத்துல இருந்து தலை சுத்துது, கண்ணைக் கட்டுதுன்னாங்க. பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டினோம். ஈசிஜி எடுத்துப் பார்த்துட்டு பேஸ்மேக்கர் வேலை செய்யல, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னுட்டாங்க. புதுசு மாத்தணும்னா எவ்ளோ சார் ஆகும்?"

பின்னால் நின்ற மருமகள் பேசவில்லை. கழுத்தில் கிடந்த செயினை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த விரல் என்ன கணக்குப் போடுகிறது என்று தெரியும்.

தாளைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்கும் திக்கென்றது.

பேஸ்மேக்கர் வைத்தவர்களின் ஈசிஜியில் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு வரும். அதற்கு ஸ்பைக் என்று பெயர். கருவி இதயத்துக்கு ஒரு சொடுக்குக் கொடுத்த நேரம் அது. அந்தக் கோட்டை ஒட்டியே அகலமாக ஒரு அலை வர வேண்டும். அது இதயம் அந்தச் சொடுக்குக்குக் கட்டுப்பட்டுத் துடித்ததற்கு அத்தாட்சி. ஒரு கோடு, ஒரு அலை. ஒரு கோடு, ஒரு அலை. இதுதான் ஒழுங்கு.

இந்தத் தாளில் கோடுகள் கண்ட இடத்தில் எல்லாம் நின்றன. அலைக்கு முன்னால், பின்னால், நடுவில். அடிக்கோடு முழுக்க ரம்பப் பல் மாதிரி நெளிவு. எது அலை, எது நெளிவு என்றே பிரிக்க முடியவில்லை. கருவி சொடுக்குகிறது, இதயம் கேட்கவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். கிளினிக் மருத்துவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தத் தாளை மட்டும் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்பத்தாவின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

ஒரு நிமிடம் முழுசாக எண்ணினேன். அறுபது. கடிகாரம் மாதிரி ஒரே சீர். நல்ல அழுத்தமான துடிப்பு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர்களுக்குக் கருவி வைத்ததே இதயத்தின் மேல் அறைகளிலிருந்து கீழ் அறைகளுக்கு மின்சாரம் இறங்காத காரணத்தால்தான். முழு ஹார்ட் பிளாக். கருவி நிஜமாகவே படுத்துவிட்டால் நாடித்துடிப்பு முப்பது, நாற்பது என்று விழுந்திருக்க வேண்டும். இல்லை, ஆபத்தான வேகத் துடிப்பு வந்திருக்கிறது என்றால் நூற்றைம்பதுக்கு மேல் ஓட வேண்டும். கைக்குக் கிடைப்பதோ சொல்லி வைத்த மாதிரி அறுபது. கருவியில் அவர்களுக்கு வைத்திருந்த எண்ணும் அறுபதுதான். பேரன் போனில் எடுத்து வைத்திருந்த பேஸ்மேக்கர் அட்டையில் இருந்தது.

அப்படியென்றால் தாள் பொய் சொல்கிறது.

எங்கள் மிஷினில் ஒரு ஈசிஜி எடுக்கச் சொன்னேன். அதுவும் கிட்டத்தட்ட அதே குப்பை! நெளிவு, நடுக்கம், நடுநடுவே அனாதையாக நிற்கும் கோடுகள்.

இந்த இடத்தில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் எலக்ட்ரீஷியன் ஆகிவிட்டேன். பிளக்கைப் பார்த்தேன். எர்த் பின் இல்லாத ரெண்டு பின் அடாப்டரில் சொருகியிருந்தது. பிடுங்கிவிட்டு மிஷினை பேட்டரியில் ஓடவிட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் சுற்றிக் கிடந்த செல்போன் சார்ஜர் வயரை எடுத்துப் போட்டேன். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளினேன். கை கால் கிளிப்புகளைக் கழற்றித் துடைத்து ஜெல் தடவி மறுபடி மாட்டினேன். நெளிவு பாதி குறைந்தது. நடுக்கம் மட்டும் போகவில்லை. 'மிஷின்தான் கெட்டுப்போச்சு போல' என்று வயரை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டர் இருபது வருட அனுபவசாலி. என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்.

"சார், மிஷின் நடுங்கல. அப்பத்தாதான் நடுங்குறாங்க. கையைப் பாருங்க, சில்லுன்னு நனைஞ்சு போயிருக்கு. சுகர் பார்த்துடவா?"

நாடி பார்த்த எனக்கு அந்த ஈரம் தெரியாமலா போயிருக்கும்? தெரிந்தது. மனசு எண்ணிக்கையில் இருந்தது, அதனால் ஈரத்தை விட்டுவிட்டேன்.

குளுக்கோமீட்டரில் நாற்பத்தாறு.

சர்க்கரை நோயாளிக்கு எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. நாற்பத்தாறு என்பது மயங்கி விழுவதற்கு முந்தைய படி.

"அப்பத்தா, இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"விரதம்யா. காலையில ஒரு டம்ளர் மோரு."

"மாத்திரை?"

"அதெப்படி விடுறது? காலையில ஒண்ணு, பொழுது சாய ஒண்ணு போட்டுட்டேன். டாக்டரு சொல்லியிருக்காருல்ல, மாத்திரையை மட்டும் விட்றக்கூடாதுன்னு."

பெருமாளுக்கு விரதம், டாக்டருக்கு மாத்திரை. ரெண்டு பேரிடமும் விசுவாசமாக இருந்திருக்கிறார் அப்பத்தா.

உடனே ஊசி போட்டு 25% டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினோம். கால் மணி நேரத்தில் ஆள் தெளிந்தார். வியர்வை நின்றது. கை நடுக்கம் நின்றது. அதே கட்டில், அதே மிஷின், அதே கிளிப். இப்போது எடுத்த ஈசிஜி புத்தகத்தில் அச்சடித்த மாதிரி இருந்தது. ஐந்து பெரிய கட்டத்துக்கு ஒரு கோடு, ஒட்டியே ஒரு அகல அலை. நிமிடத்துக்கு அறுபது. ஒன்று கூடத் தவறவில்லை.

மகனிடம் தாளைக் காட்டினேன். "அண்ணே, கருவி ஒழுங்காத்தான் வேலை செய்யுது. யாரும் எதையும் அடகு வைக்க வேண்டாம்."

மருமகள் செயினிலிருந்து கையை எடுத்தார்.

*

சரி, அந்தத் தாளில் என்னதான் நடந்தது? புரிந்துகொண்டால் உங்களுக்கும் பயன்படும்.

நம் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சிறு மின்சாரத்தை உண்டாக்குகிறது. அது தோலுக்கு வந்து சேரும்போது சுமார் ஒரு மில்லிவோல்ட். அதாவது ஒரு வோல்ட்டை ஆயிரமாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு. ஈசிஜி தாளில் அந்த ஒரு மில்லிவோல்ட்டை ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு வரைகிறோம்.

அந்த அறையின் சுவருக்குள் ஓடுவதோ 230 வோல்ட். திருவிழாக் கூட்டத்தில் குழாய் ஸ்பீக்கர் அலறும்போது பக்கத்தில் இருப்பவர் காதோடு சொல்வதைக் கேட்கிற வேலையைத்தான் ஈசிஜி மிஷின் செய்கிறது.

இந்த மின்சாரத்தைத் தோலிலிருந்து முதன்முதலில் துல்லியமாக வரைந்து காட்டியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஐன்தோவன். அதற்காக 1924-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் காலத்தில் கிளிப் எல்லாம் கிடையாது. நோயாளி ரெண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளில் விட்டுக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டும். இன்று வாளி போய் கிளிப் வந்துவிட்டது. அசையாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

ஈசிஜியில் பொய்க்கோடு வரச் சில முக்கியமான வழிகள் உண்டு.

முதலாவது, சுவர் மின்சாரம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை மேலும் கீழும் ஆடுகிறது. எர்த் சரியில்லாவிட்டால், கிளிப் சரியாகப் பிடிக்காவிட்டால், கை கட்டிலின் கம்பியில் பட்டுக்கொண்டிருந்தால் இந்த ஆட்டம் ஈசிஜிக்குள் புகுந்துவிடும். கோடு மெல்லியதாக இல்லாமல் தடித்து, உற்றுப் பார்த்தால் சீப்புப் பல் மாதிரித் தெரியும். ஒரு பெரிய கட்டத்துக்குள் சரியாகப் பத்துப் பற்கள். எண்ணிப் பார்த்துவிட்டால் குற்றவாளி யாரென்று உறுதி.

இரண்டாவது, தசை. இதயம் மட்டுமா மின்சாரம் உண்டாக்குகிறது? ஒவ்வொரு தசையும் உண்டாக்குகிறது. குளிரில் நடுங்கினாலும், பயத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டாலும் தாளில் வந்துவிடும். இதில் பெரிய மாயாவி பார்க்கின்சன் நோயின் கைநடுக்கம். அது நொடிக்கு நாலு முதல் ஆறு முறை ஆடும். நிமிடக் கணக்கில் 240 முதல் 360. இதயத்தின் மேல் அறைகள் தறிகெட்டு ஓடும் ஏட்ரியல் ஃப்ளட்டர் என்ற கோளாறின் வேகம் சுமார் 300. ரெண்டும் தாளில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்!

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஈசிஜியில் கை கால் கோடுகளில் முதல் கோடு ரெண்டு கைகளுக்கு நடுவே எடுப்பது. இரண்டாவது வலது கைக்கும் இடது காலுக்கும் நடுவே. மூன்றாவது இடது கைக்கும் இடது காலுக்கும் நடுவே. வலது கை மட்டும் நடுங்கினால் முதல் இரண்டும் கலங்கும், மூன்றாவது தெளிவாக இருக்கும். இதயம் நிஜமாகவே தறிகெட்டு ஓடினால் அது ஒரு கோட்டில் மட்டும் எப்படி ஒழுங்காக ஓட முடியும்? எங்கள் அப்பத்தாவுக்கு ரெண்டு கையும் நடுங்கியதால் அந்தச் சலுகையும் கிடைக்கவில்லை.

மூன்றாவதுதான் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கே உரியது. கருவி கொடுக்கும் சொடுக்கு மிக மிகக் குட்டியானது. ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். இன்றைய கருவிகளில் அதன் அளவும் சிறியது. சாதாரணமாக வரைந்தால் மிஷினின் வடிகட்டியிலேயே அது காணாமல் போய்விடும். அதனால் பல மிஷின்கள் தனியாக ஒரு வேலை செய்கின்றன. 'திடீரென்று ஊசி முனை மாதிரி ஒரு மின்சாரம் ஏறி இறங்கினால் அது பேஸ்மேக்கர்' என்று முடிவு கட்டி, தாங்களே அந்த இடத்தில் ஒரு கோட்டை வரைந்துவிடும்.

பிரச்சினை புரிகிறதா? வியர்வையில் கிளிப் நழுவினாலும் ஊசி முனை மின்சாரம் வரும். பக்கத்து சுவிட்சைப் போட்டாலும் வரலாம். மிஷின் அங்கெல்லாம் 'பேஸ்மேக்கர்' என்று கோடு போட்டுக்கொண்டே போகும். மூச்சின் வேகத்தை அளந்து துடிப்பைக் கூட்டிக் குறைக்கும் வசதி சில பேஸ்மேக்கர்களில் உண்டு. அந்த அளவீட்டுக்காக அவை அனுப்பும் மெல்லிய மின்துடிப்புகளையும் சில மிஷின்கள் ஸ்பைக் என்று எண்ணி வரைந்துவிடும்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். கருவி நன்றாக வேலை செய்யும், தாளில் கோடே தெரியாது. இன்னொன்று, நோயாளியின் சொந்தத் துடிப்பு போதுமான வேகத்தில் இருந்தால் கருவி சும்மா பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அதற்குத்தான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆக, கோடு இல்லை என்பதாலேயே கருவி செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. கோடு நிறைய இருக்கிறது என்பதாலேயே கெட்டுவிட்டது என்றும் அர்த்தம் இல்லை.

அப்பத்தா விஷயத்தில் இன்னொரு சூட்சுமமும் இருந்தது. சர்க்கரை தாழ்ந்தால் உடம்பு மூன்று விதமாக அலறும். வியர்க்கும், நடுங்கும், நெஞ்சு படபடவென்று அடிக்கும். அப்பத்தாவுக்கு இருந்தது ஒற்றை வயர் கருவி, கீழ் அறையை மட்டும் துடிக்க வைப்பது. மேல் அறைகள் வேகமாக ஓடினாலும் அந்தச் செய்தி கீழே இறங்க வழியில்லை. கருவி தன் பாட்டுக்கு அறுபதிலேயே நிதானமாக நடந்துகொண்டிருந்தது. படபடப்பு என்ற எச்சரிக்கை மணி அவருக்கு அடிக்கவே இல்லை. மிச்சம் இருந்தது வியர்வையும் நடுக்கமும்தான். அந்த ரெண்டும் சேர்ந்து ஈசிஜியைக் கெடுத்தன. நாங்கள் குப்பை என்று தள்ளிய நெளிவுதான் நோயின் அடையாளம். அதை ஒழிக்க நான் வயரை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

*

தாளைப் பார்த்ததும் நான் ஏன் முதலில் நாடியைப் பிடித்தேன் என்று கேட்டால், அதற்கு ஒரு கதை இருக்கிறது. இதுவரை நான் வெளியில் சொன்னதில்லை.

பயிற்சி மருத்துவராக இருந்த காலம். ஹவுஸ் சர்ஜன். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி. பெரிய ஹார்ட் அட்டாக் வந்து, ஹார்ட் பிளாக் ஆகி, காலின் தொடை ரத்தக்குழாய் வழியாகத் தற்காலிக பேஸ்மேக்கர் வயர் போடப்பட்ட ஒரு அம்மா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் அவரின் மகள். என் வயதுதான் அந்தப் பெண்ணுக்கும்.

விடிகாலை நாலு மணி. மூலையில் உட்கார்ந்து கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் வந்து நின்றார்.

"டாக்டர், அம்மா கூப்பிட்டா பேச மாட்டேங்குறாங்க."

உட்கார்ந்த இடத்திலிருந்தே மானிட்டரை நிமிர்ந்து பார்த்தேன். பச்சை எழுத்தில் 70. கோடுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன.

"தூங்குறாங்கம்மா. மானிட்டர் நல்லா இருக்கு பாருங்க, எழுபது."

கீழே விரலில் மாட்டிய ஆக்சிஜன் கிளிப்பின் அலை தட்டையாகக் கிடந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு சிறு கோடுகள். அதையும் பார்த்தேன். கிளிப் கழண்டிருக்கும் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் தயங்கிவிட்டுத் திரும்பிப் போனார். நான் சொன்னதை நம்பினார். டாக்டர் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மருந்து கொடுக்க வந்த சிஸ்டர் கழுத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார். "சார், பல்ஸ் இல்ல!"

வயர் லேசாக நகர்ந்துவிட்டிருந்தது. கருவி நிமிடத்துக்கு எழுபது முறை சொடுக்கிக்கொண்டே இருந்தது. இதயம் ஒரு முறைகூடத் துடிக்கவில்லை. மானிட்டர் அந்தச் சொடுக்குகளை எண்ணி அவற்றையே இதயத்துடிப்பு என்று காட்டிக்கொண்டிருந்தது. மானிட்டர்களின் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கும்: பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு இதயம் நின்ற பிறகும் எண் ஓடலாம், எண்ணை மட்டும் நம்பாதே என்று. பாடத்திலும் படித்திருந்தேன். பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

நாற்பது நிமிடம் நெஞ்சை அழுத்தினோம். சீனியர் வந்து வயரைச் சரி செய்ய முயன்றார். திரும்பவில்லை.

'ரொம்பப் பெரிய அட்டாக், ஏற்கெனவே இதயம் முக்கால்வாசி செயலிழந்துதான் இருந்தது' என்று சீனியர் பிறகு என்னிடம் சொன்னார். அது உண்மைதான். 'நான் அவங்க கூப்பிட்டப்பவே எழுந்து போயிருந்தா?' என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் படுக்கைக்கு முன்னால் ரெண்டு சாட்சிகள் இருந்தன. ஒன்று மானிட்டரின் எழுபது. இன்னொன்று, 'அம்மா பேச மாட்டேங்குறாங்க' என்று சொன்ன மகள். நான் மிஷினின் சாட்சியை எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கும் தைரியம் அன்று எனக்கு இல்லை. மரணச் செய்தியைச் சீனியர்தான் சொன்னார். நான் தூண் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

பத்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போதும் யாராவது "டாக்டர், கூப்பிட்டா பேச மாட்டேங்குறாங்க" என்றால் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்வதில்லை.

*

பேஸ்மேக்கரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் நண்பர்களே. முழுமையாக உடலுக்குள் பொருத்தும் கருவியை உலகிலேயே முதலில் வைத்துக்கொண்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன். ஆண்டு 1958. முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. ஆனால் அவர் வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். அறுவை சிகிச்சை செய்த மருத்துவரும், கருவியை வடிவமைத்த பொறியாளரும் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள். இன்றைய கருவிகள் அதைவிடப் பல மடங்கு உறுதியானவை.

பேஸ்மேக்கர் வைத்தவர்களும் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. கருவியின் அட்டையை போட்டோ எடுத்து வீட்டில் எல்லார் போனிலும் வைத்திருங்கள். கருவியில் வைத்திருக்கும் குறைந்தபட்சத் துடிப்பு எத்தனை என்று மருத்துவரிடம் கேட்டு அதன் மேலேயே எழுதி வையுங்கள்.

2. நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் ரெண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். அந்த எண்ணுக்குக் கீழே தொடர்ந்து போனால் மருத்துவரைப் பாருங்கள்.

3. மயங்கி விழுதல், மூச்சுத்திணறல், நிற்காத விக்கல், கருவி வைத்த இடத்தில் சிவப்பு, வீக்கம், சீழ் இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

4. கருவியைக் குறித்த காலத்தில் பரிசோதனைக்குக் கொண்டு போங்கள். அதற்கென்று இருக்கும் கணினியை வைத்துப் பேட்டரி, வயர் எல்லாவற்றையும் வெளியிலிருந்தே பார்க்கலாம். வலியே கிடையாது. பேட்டரி திடீரென்று ஒரு நாளில் தீர்ந்துவிடாது. மாற்ற வேண்டிய நேரத்தைச் சில மாதங்கள் முன்பே காட்டிவிடும். 'உடனே மாத்தணும்' என்று யாராவது ஒரு ஈசிஜியை மட்டும் வைத்துச் சொன்னால், பதறாமல் இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

5. ஈசிஜி எடுக்கும்போது அசையாமல், இறுக்கமில்லாமல் படுங்கள். போனைத் தள்ளி வையுங்கள். கை நடுக்க நோய் இருந்தால் முன்பே சொல்லுங்கள். கிளிப்பைக் கையின் மேல்பகுதியில் தோளுக்குப் பக்கமாக மாட்டி எடுக்கலாம். குளிர்ந்தால் போர்வை கேளுங்கள்.

6. செல்போனைக் கருவி இருக்கும் பக்கச் சட்டைப் பையில் வைக்க வேண்டாம். ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். மறுபக்கக் காதில் பேசுங்கள். மிக்சி, டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் பயமில்லாமல் பயன்படுத்தலாம். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து ரெண்டடி தள்ளி நில்லுங்கள். வெல்டிங் வேலை செய்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் பட்டறைக்குத் திரும்ப வேண்டாம்.

7. இது முக்கியம். கிரைண்டர், மோட்டார், வாட்டர் ஹீட்டர் எதைத் தொட்டாலும் 'லேசா ஷாக் அடிக்குது' என்றால் அதைச் சும்மா விடாதீர்கள். எல்லோருக்குமே ஆபத்துதான். பேஸ்மேக்கர் வைத்தவருக்குக் கூடுதல் ஆபத்து. உடம்பில் கசியும் அந்த மின்சாரத்தைக் கருவி 'இதயம் தானாகவே துடிக்கிறது' என்று தப்பாக நினைத்து, சொடுக்குவதை நிறுத்திவிடக்கூடும். ஈசிஜி மிஷின் ஏமாறுவது போலவே உள்ளே இருக்கும் கருவியும் ஏமாறலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபாருங்கள். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சைப் போடுங்கள்.

8. வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாலும் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை 'எனக்கு பேஸ்மேக்கர் இருக்கு'.

9. சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் விரதம் இருப்பதற்கு முன்னால் மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் பக்தியைத் தடுக்க மாட்டோம். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவோம். சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போடாதீர்கள். யாருக்குத் தலை சுற்றினாலும், பேஸ்மேக்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பது முதல் வேலையாக இருக்கட்டும். அன்று நானே மறந்த வேலை அது.

10. பேஸ்மேக்கர் வைத்த ஒருவர் பேச்சு மூச்சில்லாமல் விழுந்தால், கருவி இருக்கிறதே என்று தயங்காமல் 108-ஐ அழைத்துவிட்டு நெஞ்சின் நடுவில் அழுத்துங்கள்.

ஆஸ்பத்திரியில் உங்கள் ஆளின் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது, மானிட்டர் நன்றாக ஓடுகிறது, ஆனால் ஆள் சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் வந்து சொல்லுங்கள். டாக்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னால், 'ஒரு தடவை வந்து கையைப் பிடிச்சுப் பாருங்க சார்' என்று கேளுங்கள். கோபப்பட்டால் படட்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

*

அப்பத்தா கதையை முடித்துவிடுகிறேன்.

அவர் போட்ட மாத்திரையின் வேலை உடம்பில் நீண்ட நேரம் இருக்கும். ஒரு முறை சர்க்கரை ஏற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் நடுராத்திரியில் மறுபடி இறங்கிவிடும். அதனால் வார்டில் வைத்துக்கொண்டோம். சிஸ்டர் மணிக்கு ஒரு தடவை சர்க்கரை பார்த்தார். சொன்ன மாதிரியே ரெண்டு மணிக்கு ஒரு முறை இறங்கியது, சரி செய்தோம்.

காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதிக்கொடுத்தேன். கருவியையும் ஒரு முறை முழுசாகச் சோதித்துவிடட்டும் என்று, அதை வைத்த மருத்துவமனைக்கு ஒரு சீட்டும் எழுதினேன். பத்து நாள் கழித்து பேரன் போன் செய்தான். பேட்டரி, வயர் எல்லாம் நன்றாக இருக்கிறதாம்.

கிளம்பும்போது அப்பத்தா நெஞ்சின் இடது பக்கம், தோலுக்கடியில் மேடாகத் தெரியும் கருவியை விரலால் தொட்டுக் கேட்டார்.

"ஏந்தம்பி, இந்த மிஷினு மேல நாமதான் வீணா பழி போட்டமாக்கும்?"

"ஆமா அப்பத்தா. அது பாட்டுக்கு அது வேலையைச் செஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"அப்ப அடுத்த சனிக்கிழமை?"

"சாப்பிட்டுட்டுப் பெருமாளைக் கும்பிடுங்க. அவர் கோவிச்சுக்க மாட்டாரு."

சிரித்தார். நான் கையைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணினேன்.

அறுபது.

பேஸ்மேக்கர் வைத்த பெரியவர் இருக்கும் வீட்டுக்கு இந்தப் பதிவைப் பகிர்ந்துவிடுங்கள். இன்றிரவு உங்கள் அம்மா அப்பாவின் மணிக்கட்டை ஒரு நிமிடம் பிடித்து எண்ணிப் பாருங்கள்.